பாலியல் குற்ற வழக்கில் எதிர்தரப்பு வழக்கறிஞர் உண்மையில் என்ன செய்கிறார்?

என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: பாலியல் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக எதிர்தரப்பு வழக்கறிஞர் எதைச் சொல்லி வாதாடுவார்? சட்டம் முழுவதும் புகார் கொடுத்தவர் பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொல்லப்படும் நிலையில் அந்த வாதத்துக்கு இடம் இருக்கிறதா? மனச்சாட்சி உள்ள ஒருவரால் அதைச் செய்ய முடியுமா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் தொழில்நெறி விதிகளின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்று தான் தனிப்பட்ட முறையில் என்ன நினைக்கிறார் என்பதைப் பொருட்படுத்தாமல் அவருக்காக வாதாடுவது வழக்கறிஞரின் கடமை. கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவரைக் கொண்டு வாதாடவும் அரசமைப்பின் 22(1) உறுப்பு உரிமை தருகிறது. கோயம்புத்தூரில் காவலர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் மோதல் நேர்ந்தபோது, அந்தக் காவலர்களுக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. அத்தகைய தீர்மானங்கள் எல்லாம் செல்லாதவை என்று உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆனாலும் 2018 ஜூலையில், சென்னை அயனாவரத்தில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமை தொடர்பாக 17 பேர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, நீதிமன்ற வளாகத்திலேயே அவர்கள் தாக்கப்பட்டார்கள். யாரும் அவர்களுக்காக ஆஜராக மாட்டோம் என்ற அறிவிப்பும் வழக்கறிஞர் தரப்பிலிருந்தே வந்தது. அந்தக் கோபத்தின் காரணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அந்த வழக்கு முறைப்படி விசாரிக்கப்பட்டது, எதிர்தரப்புக்கு வழக்கறிஞர்கள் ஆஜரானார்கள், 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனையும் கிடைத்தது. அன்று எதிர்தரப்பு இல்லாமல் விசாரணை நடந்திருந்தால் அந்தத் தண்டனை மேல்முறையீட்டில் ஒரு நாள்கூட நின்றிருக்காது.

இதை ஏதோ தத்துவமாகச் சொல்லவில்லை. மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வாவில் 2013இல் நடந்த வழக்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒன்பது வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்ட வழக்கு அது. சட்ட உதவி வழியாக வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அதே நாளில் குற்றச்சாட்டும் வனையப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் விசாரணை முடிந்து மரண தண்டனை விதிக்கப்பட்டது. விரைவான நீதி என்று அது பாராட்டப்பட்டிருக்கக் கூடும். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ இடமுள்ள வழக்குகளில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரையே நியமிக்க வேண்டும், தயாரிப்புக்குக் குறைந்தது ஏழு நாட்கள் தர வேண்டும் என்றும் சொன்னது. அதன் பின் பல திருப்பங்களைக் கண்ட அந்த வழக்கில், மரபணுச் சான்று முறையாக ஆராயப்பட்ட பிறகு 2024இல் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். பதினோரு ஆண்டுகள் போய்விட்டன. உண்மைக் குற்றவாளியைத் தேடியிருக்க வேண்டிய காலமும் அதுவே என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2012இல் டெல்லியின் சாவ்லா பகுதியில் இளம்பெண் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில், கீழமை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் விதித்த மரண தண்டனையை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து மூவரையும் விடுவித்தது. அரசுத் தரப்பு விசாரித்த 49 சாட்சிகளில் முக்கியமான பத்துப் பேர் குறுக்கு விசாரணையே செய்யப்படவில்லை என்றும், வேறு பலர் போதிய அளவுக்குக் குறுக்கு விசாரணை செய்யப்படவில்லை என்றும் அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. மரபணுச் சோதனைக்கான மாதிரிகள் பல நாட்கள் காவல் நிலையப் பொருள் வைப்பறையிலேயே கிடந்தன. இடையில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அந்தப் பெண்ணின் பெற்றோருக்கு அந்தத் தீர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நீதிமன்றத்திலேயே எதிர்தரப்பு ஒழுங்காகக் கேள்வி கேட்டிருந்தால், அரசுத் தரப்பின் ஓட்டைகள் அப்போதே தெரிந்து, அவற்றில் சிலவற்றையாவது அடைக்க வாய்ப்பு இருந்திருக்கும்.

அடுத்து, சட்டம் சாய்ந்திருக்கிறதா என்ற கேள்வி. சில இடங்களில் சாய்ந்திருக்கிறது. ஏன் சாய்ந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அதைக் குறை சொல்வது சரியல்ல. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்துக்குள் வைத்து வன்கொடுமை செய்யப்பட்ட வழக்கில், உடலில் காயம் இல்லை, அவள் எதிர்க்கவில்லை என்பதைக் காரணமாக்கி 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்கள் இருவரையும் விடுவித்தது. சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979இல் எழுதிய பகிரங்கக் கடிதமும் அதைத் தொடர்ந்து எழுந்த இயக்கமும் 1983ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு வழிவகுத்தன. காவல் துறையினர் தம் நிலையத்தில் செய்வது போன்ற குறிப்பிட்ட வகை வழக்குகளில், உறவு நடந்தது நிரூபிக்கப்பட்டு, தான் சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண் சாட்சியம் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்ற விதி அப்போது வந்தது. புகார்தாரரின் ஒழுக்கத்தைக் கிளறிச் சாட்சியத்தைக் குலைக்க இடம் தந்த பழைய பிரிவு 2002இல் நீக்கப்பட்டது. அவருடைய முந்தைய பாலியல் அனுபவம் சம்மதம் பற்றிய கேள்விக்குப் பொருத்தமற்றது என்று 2013இல் வெளிப்படையாகவே எழுதப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சான்றுச் சட்டத்திலும் இவை 48, 120 ஆகிய பிரிவுகளாகத் தொடர்கின்றன. எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்பது குற்றத்தின் வரையறையிலேயே இருக்கிறது. பெண் பாலியல் உறவுக்குப் பழகியவரா என்று மருத்துவர் விரலிட்டுக் கணிக்கும் இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது; அதை நடத்துபவர் ஒழுங்கீனம் புரிந்தவராவார் என்று 2022இல் சொல்லியது.

ஆகவே ஊர்ப் பேச்சில் ‘டிஃபன்ஸ்’ என்று பலரும் நினைக்கும் விஷயம், அதாவது அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று கேட்டு அவமானப்படுத்துவது, இன்று சட்டப்படி மூடிய வழி. சில வழக்கறிஞர்கள் இன்னும் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது அறமற்றது என்பது ஒருபுறம். தொழில் நோக்கில் பார்த்தாலும் வீண் வேலை. நீதிபதி தடுப்பார், சாட்சியின் மீது அவருக்கு இரக்கம் கூடும், கேட்டிருக்க வேண்டிய உருப்படியான கேள்விகளுக்குப் பொறுமை எஞ்சாது.

உருப்படியான கேள்வி எங்கிருந்து வருகிறது என்றால், காகிதங்களிலிருந்து வருகிறது. ஒரு பாலியல் குற்ற வழக்கில் புகார்தாரர் நீதிமன்றத்தில் கூண்டேறுவதற்கு முன்பே தம் கதையைப் பலமுறை பலரிடம் சொல்லியிருப்பார்: முதல் தகவல் அறிக்கையில் ஒருமுறை, காவல் துறை விசாரணையில் ஒருமுறை, மருத்துவரிடம் ஒருமுறை, நீதித்துறை நடுவர் முன் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவின் கீழ் ஒருமுறை. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு இவற்றின் நகல்கள் எதிர்தரப்புக்குக் கட்டாயமாகத் தரப்பட வேண்டும். அந்தக் கட்டு கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய வேலை, ஒவ்வொரு கூற்றையும் அருகருகே வைத்து வரி வரியாகப் படிப்பதுதான். இதில் இளம் வழக்கறிஞர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சாட்சி முன்பு ஒன்றைச் சொல்லி இப்போது வேறொன்றைச் சொன்னால், பழைய கூற்றின் அந்தக் குறிப்பிட்ட பகுதியை அவரிடமே காட்டி, ‘இப்படிச் சொன்னீர்களா’ என்று கேட்க வேண்டும். அவர் மறுத்தால், பின்னர் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, சாட்சி அப்படிச் சொன்னதாகத்தான் தாம் பதிவு செய்தார் என்பதை அந்த அதிகாரியின் வாயிலாகவே நிரூபிக்க வேண்டும். இந்த இரண்டாவது படி விட்டுப்போனால் முதல் படியில் பட்ட பாடு முழுவதும் காற்றில் போகும். இறுதி வாதத்தின்போது அதை நினைத்து வருந்திப் பயனில்லை.

எல்லா முரண்பாடும் முரண்பாடு ஆகிவிடாது. அதிர்ச்சிக்கு உள்ளான ஒருவருக்கு நேரம், நாள், எந்த நிற உடை என்பதெல்லாம் பிசகலாம் என்பதை நீதிமன்றங்கள் நன்கு அறிந்திருக்கின்றன. புகார் தாமதமாக வந்தது என்பதும் அப்படித்தான். அவமானமும் குடும்ப அச்சமும் தாமதத்துக்குப் போதிய விளக்கம் என்று பலமுறை தீர்ப்பாகியிருக்கிறது. அதே வேளையில், புகார்தாரரின் தனிச் சாட்சியமே தண்டனைக்குப் போதும் என்ற நிலைபெற்ற விதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு: அந்தச் சாட்சியம் தொடக்கம் முதல் இறுதிவரை பிசகாத, மாசற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் விளக்கியது. எனவே குற்றத்தின் அடிப்படையையே தொடும் மாற்றம் எது, நினைவின் இயல்பான மங்கல் எது என்று பிரித்தறிவதில்தான் எதிர்தரப்பு வழக்கறிஞரின் தேர்ச்சி இருக்கிறது. இருபது சில்லறை முரண்பாடுகளை அடுக்குபவரைவிட, உண்மையான இரண்டை எடுத்து நிறுத்துபவரையே நீதிபதிகள் கவனித்துக் கேட்கிறார்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டமான போக்சோவின் கீழ் வரும் வழக்குகள் தனி உலகம். அங்கே பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 29ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட குற்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர் அதைச் செய்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். மாறாக நிரூபிப்பது அவர் பொறுப்பு. படிப்பதற்கே அச்சமூட்டும் விதிதான். ஆனால் பல உயர் நீதிமன்றங்கள் விளக்கியிருப்பது போல, அந்த அனுமானம் தானாகக் கிளம்பிவிடாது. குழந்தையின் வயது, சம்பவம் நடந்தது, அதில் இவருக்குள்ள தொடர்பு ஆகிய அடித்தளச் செய்திகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும். நல்ல எதிர்வாதம் பெரும்பாலும் இந்த அடித்தளத்தில்தான் கடப்பாரையைப் போடுகிறது.

வயதை எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு ஒரு வரிசையை வகுத்திருக்கிறது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ், அது இல்லாதபோது உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோது மட்டுமே எலும்பு வளர்ச்சிச் சோதனை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பள்ளி மாற்றுச் சான்றிதழ் இந்த வரிசையில் சொல்லப்பட்ட ஆவணமே அல்ல என்று சொல்லி, மருத்துவர் கணித்த வயதும் 18க்கு மேல் இருக்கக்கூடிய நிலையில், குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. இருபது ஆண்டுகள் வரை குறைந்தபட்சத் தண்டனையுள்ள ஒரு சட்டத்தில், முழு வழக்கும் ஒரு மாற்றுச் சான்றிதழின் தகுதியில் நின்றிருக்கிறது. கீழமை நீதிமன்றத்தில் அந்தச் சான்றிதழை ஆட்சேபணையின்றிச் சான்றாவணமாகக் குறியீடு செய்ய விட்டுவிடுவது எவ்வளவு எளிதாக நடந்துவிடக்கூடியது என்பதை அந்த அறைகளில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

பதினாறு, பதினேழு வயதினரின் காதல் போக்சோ வழக்காக மாறும் நிகழ்வுகள் இங்கே ஏராளம். சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் ஒரு தீர்ப்பில், பதினாறு வயதுக்கு மேற்பட்டோரின் இசைவான உறவு குறித்துச் சட்டத்தைத் திருத்துவதைப் பரிசீலிக்கலாம் என்றது; 2021இல் அத்தகைய ஒரு வழக்கையே ரத்தும் செய்தது. ஆனால் சட்டம் திருத்தப்படவில்லை. அதை நீதிமன்றங்கள் தம் விருப்பப்படி நெகிழ்த்தக் கூடாது என்ற கண்டிப்பு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஆகவே ‘இருவரும் விரும்பினார்கள்’ என்பதையே முழு வாதமாக வைப்பவர் தம் கட்சிக்காரரை ஆபத்தில் தள்ளுகிறார் என்பதே என் கருத்து.

குழந்தைச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் முறையும் வேறு. எதிர்தரப்பு வழக்கறிஞர் தம் கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும். நீதிபதிதான் அவற்றைக் குழந்தையிடம் கேட்பார். ஆக்ரோஷமான கேள்விக்கோ குணநலனைத் தாக்கும் கேள்விக்கோ அனுமதி இல்லை, குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கவும் கூடாது. இதன் நடைமுறைப் பொருள், கேட்க வேண்டியதை எல்லாம் ஒரே அமர்வில், குழந்தைக்குப் புரியும் சின்னச் சின்ன வாக்கியங்களில், முன்கூட்டியே எழுதித் தயாரித்துக் கொண்டு போக வேண்டும் என்பதே. ‘பிறகு மறுபடி அழைத்துக்கொள்ளலாம்’ என்று வாய்தா வாங்கும் பழக்கம் இங்கே செல்லுபடியாகாது. பழைய பாணியில் குரலை உயர்த்தி மிரட்டுவதைவிட, இந்தக் கட்டுப்பாடு எதிர்தரப்புக்கே நன்மை செய்கிறது என்று நான் எண்ணுகிறேன். அமைதியாகக் கேட்கப்பட்ட கேள்விக்குக் குழந்தை தரும் நேரடிப் பதில், சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சியம் எது, சொந்த நினைவு எது என்பதை எளிதில் வெளிக்காட்டிவிடும்.

திருமண வாக்குறுதி வழக்குகளில் கேள்வி வேறு திசையில் செல்கிறது. வாக்குறுதியைக் காப்பாற்றாமல் போவது ஒன்று; தொடக்கத்திலேயே காப்பாற்றும் எண்ணம் இல்லாமல் தருவது இன்னொன்று. இரண்டாவதுதான் சம்மதத்தைக் கெடுக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாக்கியது. இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு இதற்கெனத் தனிக் குற்றமே வகுத்து, பத்து ஆண்டு வரை தண்டனை வைத்திருக்கிறது. இத்தகைய வழக்குகளில் வாட்ஸ்அப் உரையாடல்களே வழக்கின் முதுகெலும்பு. திருமண ஏற்பாடு உண்மையில் நடந்ததா, எந்தக் கட்டத்தில் எதனால் முறிந்தது, முறிவுக்குப் பிறகு யார் என்ன எழுதினார் என்பவற்றைக் காலவரிசையில் நிறுவ வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: தனக்குச் சாதகமான நான்கு செய்திகளை மட்டும் திரைப்பிடித்துக் கொண்டுவருவது பயன்படாது. பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி உரிய சான்றிதழ் இருந்தால்தான் அது சான்றாக நிற்கும்; முழு உரையாடலும் இருந்தால்தான் அது எடுபடும். பாதகமானவற்றை அழித்தால், அழித்ததே அவருக்கு எதிரான சான்றாகிவிடும்.

குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்தினர் முதல் சில நாட்களில் செய்யும் செயல்கள்தாம் பெரும்பாலும் வழக்கைக் கெடுக்கின்றன. புகார்தாரரின் வீட்டுக்குப் போய்ப் ‘பேசி முடிக்கலாம்’ என்பது அவற்றில் தலையாயது. அது சாட்சியைக் கலைக்கும் முயற்சியாகவே பதிவாகும். பிணை ரத்தாகக் காரணமாகும். சமரசம் செய்துகொண்டாலும் பயன் இல்லை: வன்கொடுமை வழக்கில் சமரசத்துக்கு இடமே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் கண்டித்தது, போக்சோ வழக்கு ஒன்றை இரு தரப்பும் சமாதானமானதைக் காரணமாக்கி உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. இரண்டாவது, புகார்தாரரின் பெயரையோ படத்தையோ சமூக ஊடகத்தில் இட்டு ‘உண்மையை’ விளக்குவது. அது தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. இவற்றில் செலவிடும் சக்தியை, குறிப்பிட்ட நாளில் அவர் எங்கே இருந்தார் என்பதற்கான வருகைப் பதிவு, பயணச் சீட்டு, கண்காணிப்புக் கேமராப் பதிவு ஆகியவற்றைத் தேடுவதில் செலவிட்டால் நல்லது. கேமராப் பதிவுகள் சில வாரங்களிலேயே தாமாக அழிந்துவிடும். கேட்டு வைக்க வேண்டிய நேரம் கைதுக்கு அடுத்த நாள்தான், குற்றப்பத்திரிகை வந்த பிறகு அல்ல.

காவல் துறையிடம் பேசுவது பற்றியும் ஒரு சொல். தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசமைப்பின் 20(3) உறுப்பு. காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. ஆனால் அதன் விளைவாக ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்குச் சான்றாகும். ‘ஒன்றும் செய்யவில்லை, எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறேன்’ என்று வழக்கறிஞர் இல்லாமல் பேசத் தொடங்குபவர்களே அதிகம். பதற்றத்தில் தேதி ஒன்றைத் தவறாகச் சொன்னால், பின்னர் உண்மையான தேதியைச் சொல்லும்போது அது பொய்யாகத் தோன்றும்.

பிணையைப் பொறுத்தவரை, 16 வயதுக்குட்பட்டவர் மீதான வன்கொடுமை போன்ற சில குற்றங்களில் முன்ஜாமீன் கோரவே முடியாது. மற்றவற்றில் கோரலாம், ஆனால் புகார்தாரர் தரப்பையும் கேட்டே நீதிமன்றம் முடிவெடுக்கும். பிணைக்கு நிபந்தனையாகப் புகார்தாரரைச் சந்தித்து ராக்கி கட்டிக்கொள்ளச் சொன்ன மத்தியப் பிரதேச உயர் நீதிமன்ற ஆணையை 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததால், அந்த வகைக் கோமாளித்தனத்துக்கு இப்போது இடமில்லை.

பணம் இல்லாதவர் என்ன செய்வது? காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். 2022 முதல் இதற்கெனவே முழுநேர வழக்கறிஞர்களை அமர்த்தும் திட்டம் மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ரிமாண்டுக்காக நடுவர் முன் நிறுத்தப்படும் முதல் நாளிலேயே ‘எனக்கு வழக்கறிஞர் இல்லை’ என்று சொல்ல வேண்டும். அவ்வாறு கேட்டு வாங்கித் தருவது நடுவரின் கடமையும்கூட.

இறுதியாக ஒன்று, கேள்வி கேட்டவர் நேரடியாகக் கேட்காவிட்டாலும் அவர் மனத்தில் இருப்பது. விடுதலையானால் புகார் பொய் என்றாகிவிடுமா? ஆகாது. சந்தேகத்தின் பலனைத் தந்து ஒருவரை விடுவிக்கும் நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. புகார்தாரர் பொய் சொன்னார் என்று தீர்ப்பதற்குத் தனிச் சான்றும் தனிக் கண்டறிதலும் வேண்டும். அதேபோல, புகார் உண்மை என்று தாம் நம்புவதால் எதிர்தரப்பு வழக்கறிஞர் தம் கேள்விகளை அரைமனத்தோடு கேட்டால், அவர் சாவ்லா வழக்கில் நடந்ததையே மீண்டும் நடத்துகிறார். எனக்குத் தெரிந்த மூத்த வழக்கறிஞர் ஒருவர் இத்தகைய வழக்குகளில் கட்சிக்காரரிடம் ‘செய்தாயா’ என்று கேட்கவே மாட்டார். ‘உன் மேல் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் படிப்போம்’ என்பார். பிறகு இருவருமாக உட்கார்ந்து குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்தைத் திறப்பார்கள்.